லாரிக்கு ஒட்டும் ஒளி விடுதிக்கு ஏன் இல்லை?

நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எஃப்.சி.க்குப் போகும் முன்பு வண்டியைக் கழுவி, பெயின்ட் அடித்து, கடைசியாக ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. ஊர் வழக்கில் அதற்கு 'ரேடியம் ஸ்டிக்கர்' என்று பெயர். அது இல்லாமல் போனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரவில் சாலையோரம் நிற்கும் லாரி, பின்னால் வருபவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சட்டம் வைத்த கட்டாயம் அது. நல்ல சட்டம்தான்.

அதே நாமக்கல்லிலும் சேலத்திலும் நம் பிள்ளைகள் ஐம்பது பேர், நூறு பேர் என்று ஒரே கூரையின் கீழ் படுத்துத் தூங்கும் விடுதிகள் இருக்கின்றன. ஆதிதிராவிடர் நல விடுதிகள், தனியார் உறைவிடப் பள்ளிகள், நூற்பாலைகளின் பெண்கள் விடுதிகள், வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் கொட்டகைகள். நள்ளிரவில் மின்சாரம் போய், புகையும் சூழ்ந்தால், படிக்கட்டு எந்தப் பக்கம் என்று காட்ட அங்கே என்ன இருக்கிறது? முட்டையும் மாவும் ஏற்றிப் போகும் வண்டிக்குக் குறித்த காலத்துக்கு ஒருமுறை பரிசோதனை நடக்கிறது. பிள்ளைகள் தூங்கும் கட்டடத்தை இரவில் போய்ப் பார்த்த அதிகாரி யார்?

ஒரு விடுதியில் ஓர் இரவு

போன கோடையில் எங்கள் தோழியர் சிலர் சேலம் மாவட்டத்தில் ஒரு மாணவியர் விடுதிக்குப் போயிருந்தார்கள். விடுதியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த வார்டன் ஒருவரைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். மற்ற விடுதிகள் அப்படியே இருக்கும்.

போனது சாப்பாட்டின் தரம் பற்றிப் பேசத்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விட்டது. இன்வெர்ட்டர் இருந்தது, பேட்டரி செத்துக் கிடந்தது. மாடியில் இருந்த பிள்ளைகள் சுவரைத் தடவிக்கொண்டே கீழே இறங்கினார்கள். முதல் படியில் ஒரு சின்னப் பெண் கால் தவறி உட்கார்ந்துவிட்டாள். கீழே வந்தால் கிரில் கேட் வெளிப்பக்கம் பூட்டியிருந்தது.

"சாவி வாட்ச்மேன் அண்ணங்கிட்டதான் இருக்குங்க அக்கா. அவரு டீ குடிக்கப் போனா வர்றதுக்கு நேரமாயிருங்க" என்றாள் ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவி. அதில் புகார் எதுவும் இல்லை. வழக்கத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

பின்பக்கம் இன்னொரு வழி இருந்தது. அதன் முன்னால் உடைந்த கட்டில்களும் அரிசி மூட்டைகளும் அடுக்கியிருந்தன. அது கதவு என்பதே அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. அரை மணி நேரத்தில் மின்சாரம் வந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்பதால்தான் அது செய்தியாகவில்லை.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

இந்திய தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-ல் நான்காம் பகுதி முழுக்கத் தீப்பாதுகாப்பு பற்றியது. அதன் அடிப்படைகளை எளிதாகச் சொல்லிவிடலாம். வெளியேறும் வழிகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். அவற்றை அடையும் பாதை நெடுகக் குறியிட்டிருக்க வேண்டும். மின்சாரம் போனாலும் வேறொரு மூலத்திலிருந்து அவசர விளக்கு எரிய வேண்டும். குறைந்தது 90 நிமிடம் தாங்க வேண்டும். இருட்டில் தானே ஒளிரும் பலகைகளும் பாதைக் குறிகளும் இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி.

இன்னொரு விதியும் இந்தத் தொகுப்பில் நெடுங்காலமாக இருக்கிறது. வெளியேறும் கதவை உள்ளே இருப்பவர்கள் சாவி இல்லாமலே திறக்க முடிய வேண்டும். இதை ஒவ்வொரு மாணவரும் மனப்பாடம் செய்ய வேண்டும். நாங்கள் பார்த்த அந்த கிரில் கேட் இந்த ஒரு வரியிலேயே தோற்றுப்போகிறது.

அப்படியானால் ஏன் நடப்பதில்லை? தேசியத் தொகுப்பு ஒரு பரிந்துரை. மாநிலம் தன் விதிகளில் சேர்த்துக்கொள்ளும்போதுதான் அதற்குப் பல் முளைக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால்தான் அது உயரமான கட்டடம். அப்போதுதான் கெடுபிடி முழுதாக வரும். நம் பிள்ளைகளின் விடுதிகளோ தரைத்தளமும் மேலே ஒன்றிரண்டு மாடியும்தான். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ பன்னிரண்டு மாடி அலுவலகத்தில் வேலை செய்பவர் தலைக்கு மேல் பச்சைப் பலகை ஒளிர்கிறது. இரண்டாவது மாடியில் பாயில் படுத்திருக்கும் நம் தங்கைக்கு அது இல்லை. தீக்கு மாடிக் கணக்கு தெரியுமா?

விடுதிகளுக்கென்று தனிச் சட்டம் இல்லாமலும் இல்லை. பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 2014-ல் சட்டம் இயற்றியது. தனியார் பள்ளிகள் அங்கீகாரம் வாங்கவும் புதுப்பிக்கவும் தீயணைப்புத் துறைச் சான்று, கட்டட உறுதிச் சான்று எல்லாம் தர வேண்டும். காகிதம் இருக்கிறது. ஆனால் அந்தக் காகிதம் பகலில், வெளிச்சத்தில், எல்லாக் கதவும் திறந்திருக்கும் நேரத்தில் வாங்கப்படுகிறது. பிள்ளைகள் அங்கே இருட்டில் தூங்குகிறார்கள்.

எது ஒளிரும், எது ஒளிராது

இங்கே கொஞ்சம் அறிவியல் பேசியாக வேண்டும். ஏனென்றால் ஏமாற்று வேலை இங்கேதான் நுழைகிறது.

லாரியில் ஒட்டும் ஸ்டிக்கர் தானாக ஒளிராது. அதில் ரேடியமும் இல்லை. தன் மேல் விழும் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். பின்னால் வரும் வண்டிக்கு ஹெட்லைட் இருப்பதால் அது வேலை செய்கிறது. விடுதிப் படிக்கட்டில் அதை ஒட்டினால், கையில் டார்ச் இல்லாத பிள்ளைக்கு அது கறுப்புச் சுவர்தான். சிவப்பாக, பளபளப்பாக இருக்கிறதே என்று அதிகாரி தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

இருட்டில் ஒளிரும் பலகை வேறு. அதில் பூசியிருக்கும் பொருள் விளக்கின் வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, இருட்டானதும் மெல்ல மெல்லக் கக்கும். முன்பு துத்தநாக சல்பைடைப் பயன்படுத்தினார்கள். அது சீக்கிரமே மங்கிவிடும். 1990-களில் ஜப்பானில் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் என்ற பொருளைக் கொண்டு பல மணி நேரம் ஒளிரும் பூச்சை உருவாக்கினார்கள். அதற்கு மின்சாரமும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மாலையில் அந்த நடைபாதையில் விளக்கு எரிந்திருக்க வேண்டும். பல்பு போய் மூன்று மாதமாக மாற்றாத நடைபாதையில் எவ்வளவு உயர்ந்த பலகையை மாட்டினாலும் அது குடிக்க ஒளி இல்லை.

இன்னொன்று, புகை மேலே எழும்பிக் கூரையில்தான் முதலில் தங்கும். கதவுக்கு மேலே மாட்டிய பலகையை அது மறைத்துவிடும். தவழ்ந்து போகிறவர் கண்ணுக்குத் தெரிவது தரையும் படியின் விளிம்பும்தான். அதனால்தான் தரையோரம் ஒளிரும் பட்டையும் படி விளிம்பில் கோடும் வேண்டும் என்கிறார்கள். விமானத்தில் நடைபாதையின் தரையில் இந்தப் பட்டை ஓடுவதும் இதற்காகத்தான்.

பரிசோதிக்க நிபுணர் தேவையில்லை. இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். பலகை தெரிகிறதா? அம்புக்குறி புரிகிறதா? அது காட்டும் திசையில் போனால் கதவு திறக்கிறதா? தேர்வு அவ்வளவுதான்.

அதே 2004

1993-ல் நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்தில் குண்டு வெடித்தபோது மின்சாரம் போய், புகை சூழ்ந்த படிக்கட்டுகளில் ஆயிரக்கணக்கானோர் இருட்டில் இறங்கினார்கள். அதன் பிறகு அங்கே படிகளில் ஒளிரும் பூச்சு பூசினார்கள். 2001-ல் கோபுரங்கள் தாக்கப்பட்டபோது அது உதவியது என்று தப்பியவர்கள் சொன்னார்கள். 2004-ல் நியூயார்க் நகரம் 26-ஆம் எண் உள்ளூர்ச் சட்டத்தை இயற்றியது. உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள் எல்லாம் 2006 ஜூலைக்குள் படிக்கட்டுகளில் ஒளிரும் குறிகள் போட்டாக வேண்டும் என்றது. பழைய கட்டடத்துக்கும் விலக்கு இல்லை.

அதே 2004, ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரை எரிந்து 94 குழந்தைகள் செத்தார்கள். ஒடுங்கிய படிக்கட்டு, நெருக்கியடித்த வகுப்பறைகள். அதைத் தொடர்ந்து வந்த அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-ல் தெளிவாகச் சொன்னது: கல்வி உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் கற்கும் உரிமையும் சேர்த்துத்தான், தேசியக் கட்டட விதித்தொகுப்பின் பாதுகாப்பு விதிகளைப் பள்ளிகள் பின்பற்ற வேண்டும். தீர்ப்பு நம் கையில் இருக்கிறது.

அதன் பிறகும் என்ன நடந்தது? 2024 செப்டம்பர் 12 விடியற்காலை, மதுரை கட்ராபாளையத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தீ கிளம்பியது. அன்றே இரண்டு பெண்கள் இறந்தார்கள். மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 12 இரவு, திண்டுக்கல்லில் தனியார் மருத்துவமனை ஒன்றில் தீப்பிடித்தது. லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களை வெளியே இழுத்தார்கள். குறைந்தது ஆறு பேர் இறந்தார்கள், ஒரு குழந்தை உட்பட. பதற்றத்தில் மனிதர்கள் வந்த வழியாகத்தான் திரும்ப ஓடுவார்கள். லிஃப்டில் வந்தவர் லிஃப்டைத் தேடுவார். வேறு வழி இருக்கிறது என்று அந்த நேரத்தில் சுவர்தான் சொல்ல வேண்டும்.

இது சாதிப் பிரச்சினையா?

ஆமாம். தீ சாதி பார்ப்பதில்லை என்பது உண்மை. ஆனால் யார் எந்தக் கட்டடத்தில் தூங்குகிறார்கள் என்பதைச் சாதி பார்க்கிறது. சொந்த வீடும் நிலமும் உள்ள குடும்பத்துப் பிள்ளை பேருந்தில் பள்ளிக்குப் போய் வருகிறது. சேரியில் ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு விடுதிதான் படிப்பு. ஆலை விடுதிகளில் திருமணச் செலவுக்காக மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் அடைக்கப்பட்ட பெண்களில் தலித் பெண்கள் கணிசமானவர்கள் என்பதைச் சுமங்கலித் திட்டம் பற்றிய ஆய்வுகள் எழுதிவிட்டன.

இவர்களைப் பூட்டிவைப்பதற்குச் சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: பாதுகாப்பு. நேர்மையாகச் சொல்ல வேண்டும், இதில் நம் அம்மாக்களும் சேர்த்திதான். "கேட்டைப் பூட்டி வெச்சுக்குங்க சார்" என்று வார்டனிடம் கேட்டுக்கொள்வது பெற்றவர்கள்தான். பெண் பிள்ளை வெளியே போய்விடுவாள் என்ற பயம், யாரோ உள்ளே வந்துவிடுவான் என்ற பயம். இரண்டாவது பயம் நியாயமானது. ஆனால் வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாத, உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற, திறந்ததும் மணி அடிக்கிற கதவுகள் கடையில் கிடைக்கின்றன. அந்தக் கதவைப் போடாமல் பூட்டைப் போடுகிறவர், திருடனிடமிருந்து மட்டும் பிள்ளையைக் காக்க நினைக்கவில்லை. பிள்ளையையே சந்தேகப்படுகிறார்.

வெளியேற வழியில்லாத அறை என்றால் என்னவென்று நம் சமூகத்துக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 1968 டிசம்பர் 25, கீழவெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் 44 பேர். அது விபத்தல்ல, கொலை. அதையும் விடுதியின் அலட்சியத்தையும் ஒன்றாக்கிப் பேச மாட்டோம். ஆனால் கதவைப் பற்றி நாம் பேசும்போது அந்த நினைவு இல்லாமல் பேசவும் முடியாது.

நம் முன்னோர் இதைச் சட்டமாகவே எழுதச் செய்தவர்கள். அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைக் கவனித்தார். வாரம் 48 மணி நேர வேலைக்கான திருத்த மசோதா அப்போது வந்தது. அடுத்து 1948-ல் தொழிற்சாலைகள் சட்டம் நிறைவேறியபோது தொழிலாளர் அமைச்சர் பாபு ஜெகஜீவன் ராம். அந்தச் சட்டத்தின் 38-வது பிரிவு அன்று என்ன சொன்னது தெரியுமா? தீ நேரத்தில் தப்பும் வழிகளைப் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில், போதுமான அளவுள்ள சிவப்பு எழுத்தில், அல்லது எளிதில் புரியும் வேறு குறியால் காட்ட வேண்டும் என்றது. 1987-ல் அந்தப் பிரிவைத் திருத்தி, விவரங்களை மாநில விதிகளுக்கு விட்டார்கள்.

புரியும் மொழியில் என்பதைக் கவனியுங்கள். இன்று பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கம் தறிகளிலும் ஆலைகளிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தோழர்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் விடுதியில் 'எக்சிட்' என்று ஆங்கிலத்தில் மட்டும் எழுதி மாட்டுவது யாருக்காக? சோதனைக்கு வரும் வெளிநாட்டு வாடிக்கையாளர் கம்பெனிக்காக. ஓடும் மனிதன் படம் போட்ட பச்சைப் பலகை எந்த மொழிக்காரருக்கும் புரியும். அதோடு தமிழும் இந்தியும் ஒடியாவும் சேரட்டும்.

"கழிப்பறையே இல்லை, இதில் பலகையா?"

இதை எழுதப்போகிறோம் என்றதும் எங்கள் தோழர் ஒருவர் கோபப்பட்டார். "விடுதியில தண்ணி வரல, கதவு இல்லாத கக்கூஸு, புழு வெச்ச சோறு. நீங்க போய் மினுமினுக்கற ஸ்டிக்கர் கேக்கறீங்களா தோழர்?" என்றார்.

அவர் கேள்வி நியாயமானது. ஆனால் ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைக் கேட்கக் கூடாது என்ற வரிசையை யார் வைத்தது? ஏழைக்கு முதலில் சோறு, பிறகு உடை, கடைசியில் உயிர்ப் பாதுகாப்பு என்று அடுக்கி வைத்து, ஒவ்வொரு ஆண்டும் முதல் படியிலேயே நம்மை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வராத விடுதியில் பிள்ளைகள் போராட உயிரோடு இருக்கிறார்கள். பூட்டிய விடுதியில் புகை சூழ்ந்தால் போராட யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

அவர் கோபத்தில் வேறோர் எச்சரிக்கை இருக்கிறது; அதை ஏற்றுக்கொள்கிறோம். பலகை மாட்டுவது எளிது. ஒரு பலகை சில நூறு ரூபாய். மாட்டி, படம் எடுத்து, கோப்பில் சேர்த்து, 'விதி நிறைவேற்றப்பட்டது' என்று எழுதிவிடலாம். பூட்டிய கதவுக்கு மேலே ஒளிரும் பலகை பிள்ளைகளைச் சாவை நோக்கி வழிகாட்டும். எனவே நம் கோரிக்கை பலகையில் தொடங்கக் கூடாது. முதலில் பூட்டு போக வேண்டும். இரண்டாவதாகப் பாதையில் அடைத்த மூட்டைகள் போக வேண்டும். மூன்றாவதாக நடைபாதை விளக்கு எரிய வேண்டும். அதன் பிறகு பலகையும் தரைப் பட்டையும். இந்த வரிசையில் கேட்போம், நான்கையும் சேர்த்தே கேட்போம்.

நாம் செய்ய வேண்டியது

2025 ஜூலையில் தமிழ்நாடு அரசு எல்லா நலத்துறை மாணவர் விடுதிகளுக்கும் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் மாற்றியது. பெயர் நல்ல பெயர். பெயர்ப்பலகையில் எழுதிய சமூகநீதி வெளியேறும் வழியிலும் இருக்க வேண்டும்.

கல்லூரி மாணவர்களும் வாசகர் வட்டத் தோழர்களும் இவற்றைத் தொடங்கலாம்.

ஒன்று: உங்கள் விடுதியில் இரவு நடை ஒன்று நடத்துங்கள். விளக்கை அணைத்து, ஒவ்வொரு அறையிலிருந்தும் வெளியே வர எத்தனை நிமிடம், எத்தனை பூட்டு, எந்தப் படியில் கால் இடறுகிறது என்று எழுதுங்கள். பெண்கள் விடுதியில் பெண் தோழர்கள் மட்டும் போங்கள்.

இரண்டு: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் மாவட்டத் தீயணைப்பு அலுவலருக்கும் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்விகள்: மாவட்டத்தில் எந்தெந்த விடுதிக்குத் தீயணைப்புச் சான்று இருக்கிறது? கடைசியாக ஆய்வு செய்த தேதி என்ன? ஆய்வு நடந்தது பகலிலா இரவிலா? இரண்டாவது வெளியேறும் வழி எத்தனை விடுதியில் உண்டு?

மூன்று: கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். 2024-ல் தமிழ்நாடு இயற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தின்படி ஒதுக்கும் நிதியில் விடுதிப் பாதுகாப்பையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

நான்கு: ஆலை விடுதிகளுக்குள் நாம் போக முடியாது. அங்கே தொழிலாளர் சங்கம்தான் போக முடியும். வங்கதேசத்தில் 2012-ல் தஸ்ரீன் ஆலைத் தீயில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்து, 2013-ல் ராணா பிளாசா இடிந்த பிறகுதான் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தம் வந்தது. பூட்டக்கூடிய கதவுகளை அகற்றுவது அதன் முதல் வேலைகளில் ஒன்று. நம் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. ஒரு தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, தலித் பெண்கள் தலைமை ஏற்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கையெழுத்திட வைத்தது. அது பாலியல் வன்முறைக்கு எதிரான ஒப்பந்தம். தொழிலாளியே தன் பணியிடத்தைக் கண்காணிக்கும் அதிகாரத்தை அது நிலைநாட்டியது. அந்த அதிகாரம் விடுதிக் கதவு வரைக்கும் நீள வேண்டும்.

அந்த இரவு சேலம் விடுதியில் படியில் தவறி உட்கார்ந்த சின்னப் பெண்ணிடம் எங்கள் தோழி, "பயமா இருந்துச்சா சாமி?" என்று கேட்டார். "இல்லைங்கக்கா, பழகிருச்சு" என்றாள். இருட்டுக்கும் பூட்டுக்கும் நம் பிள்ளைகள் பழக வேண்டிய கட்டாயம் இல்லை.

அடுத்த முறை நாமக்கல் பட்டறையில் லாரிக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பார்க்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் இதைக் கேளுங்கள்: வண்டிக்கு எஃப்.சி. பார்க்கிறார்களே, பிள்ளைகள் தூங்கும் இடத்துக்கு யார் பார்க்கிறார்கள்?

ஜெய் பீம்.